பெட்ரோல் பம்ப் ரிலே: தேர்வும் வயரிங்கும்

காலையில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகும். மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் போனால், யாரும் எதையும் தொடாமலே பிடித்துக்கொள்ளும். இந்தக் கம்ப்ளெயின்டோடு ஒரு பெட்ரோல் கார் வந்தால் பட்டறைகளில் முதலில் பழி விழுவது பம்ப் மேல்தான். பின் சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைக் கழற்றி, புது பம்ப் போட்டு அனுப்புவார்கள். நான்கு நாள் கழித்து அதே வண்டி அதே கம்ப்ளெயின்டோடு திரும்பி வரும். ஏனென்றால் பழுது பம்பில் இல்லை. அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயிலோ, அந்த ரிலே உட்கார்ந்திருக்கும் ஹோல்டரிலோ, எர்த்திலோ இருக்கிறது.

பம்ப் விலையில் சிறு பங்குகூட ஆகாத பொருள் ரிலே. அதைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம் செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கடையில் "ஒரு நாலு கால் ரிலே கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். இந்த அத்தியாயம் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது.

எம்பிஎஃப்ஐ காரின் பம்ப் ஓடும்போது பொதுவாக 4 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்கும். அதிகத் திறனுள்ள பம்ப் மாற்றிப் போட்டிருந்தால் 10 ஆம்பியரைத் தாண்டும். சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் மோட்டார் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். இவ்வளவு கரண்டை சாவி சுவிட்ச் வழியாக அனுப்பினால் சுவிட்சின் பாயின்ட் கருகும். டேஷ்போர்டு வரை போய்த் திரும்பும் மெல்லிய வயரில் வோல்டேஜும் வீணாகும். அதனால் சாவியும் இசியுவும் ரிலேயின் காயிலை மட்டும் இயக்குகின்றன. 12 வோல்ட் ரிலேயின் காயில் ஏறக்குறைய 85 ஓம், அது எடுப்பது 0.15 ஆம்பியருக்கும் குறைவு. பேட்டரியிலிருந்து வரும் பெரிய கரண்ட், ரிலேக்குள் இருக்கும் பாயின்ட் வழியாகப் பம்புக்குப் போகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. தொல்லை தொடங்குவது சூட்டில்.

சூட்டில் ரிலே ஏன் இழுப்பதில்லை

காயில் என்பது செம்புக் கம்பி. செம்பு சூடானால் அதன் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 85 ஓம் இருந்த காயில், 85 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 106 ஓம் ஆகிவிடும். ரிலேக்குள் பாயின்ட்டைச் சேர்க்கும் நாக்கை இழுப்பது வோல்டேஜ் அல்ல, காயிலில் ஓடும் கரண்ட். தடை கால் பங்கு கூடினால், அதே கரண்டை ஓட்ட வோல்டேஜும் கால் பங்கு கூட வேண்டும். குளிர்ந்த நிலையில் 7.2 வோல்ட்டில் இழுத்த ரிலே, சூட்டில் 9 வோல்ட் கேட்கும். குளிரிலேயே 8 வோல்ட் கேட்கும் ரிலே என்றால், சூட்டில் 10 வோல்ட்.

இப்போது செல்ஃப் அடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாவி போட்டதும் இசியு பம்பை இரண்டு விநாடி ஓட்டி, லைனில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிறுத்துகிறது. அந்த ரிலே விட்டுவிட்டது. பிறகு செல்ஃப் சுற்றி, எஞ்சின் சுழல்கிறது என்ற சிக்னல் வந்ததும் இசியு மறுபடியும் ரிலேயை இழுக்கச் சொல்கிறது. அதாவது பேட்டரி வோல்டேஜ் மிகவும் கீழே கிடக்கும் நேரத்தில்தான் ரிலே புதிதாக இழுத்தாக வேண்டும். பழைய பேட்டரியில் அப்போது 9, 9.5 வோல்ட்தான் இருக்கும். அதிலும் வயரில் கொஞ்சம், இசியுவின் டிரான்சிஸ்டரில் கொஞ்சம் போய்விடும். மிச்சம் காயிலுக்குக் கிடைப்பது 9-க்கும் கீழே. காலையில் இழுக்கும் ரிலே மதியம் இழுக்காததற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் வேண்டியதில்லை. இழுத்துப் பிடித்துவிட்ட ரிலே சில வோல்ட் வரை விடாமல் பிடித்திருக்கும். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நிற்பதில்லை, நிறுத்திய வண்டிதான் கிளம்புவதில்லை.

சூடு இன்னொரு வழியிலும் வேலை செய்யும். 1990-களின் ஹோண்டா சிவிக், அக்கார்ட் கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில் மெயின் ரிலே என்று ஒரு பெட்டி இருக்கும். பம்புக்கான ரிலே அதற்குள்தான். பெட்டியைத் திறந்து பலகையைத் திருப்பிப் பாருங்கள். கால்கள் ஈயத்தில் நிற்கும் இடத்தில், ஒவ்வொரு காலையும் சுற்றி மயிரிழை போல ஒரு கரிய வளையம் தெரியும். சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கியதில் ஈயம் வெடித்திருக்கிறது. வண்டியின் உள்ளே வெயில் ஏறும்போது அந்த வெடிப்பு திறக்கிறது, ஆறியதும் சேர்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்தால் ஓடும். வெடிப்பின் மேலேயே ஈயத்தைத் தடவினால் ஓரிரு மாதத்தில் திரும்பி வரும். பழைய வோல்வோ 240-இன் பம்ப் ரிலேயும் இதே வியாதிக்குப் பெயர் போனது.

பெரிய நிறுவனங்களே இந்தச் சூட்டில் மாட்டிக்கொண்டதும் உண்டு. 2014 செப்டம்பரில் கிரைஸ்லர் நிறுவனம் 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ வண்டிகளை, அமெரிக்காவில் மட்டும் சுமார் 1.88 லட்சம், பம்ப் ரிலேக்காகவே திரும்ப அழைத்தது. ரிலே தனியாகக் கழற்ற முடியாதபடி மின்பங்கீட்டுப் பெட்டிக்குள்ளேயே ஈயம் வைத்துப் பொருத்தப்பட்டிருந்தது. சூட்டில் அதன் பாயின்ட் கெட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகாமலோ, ஓடும்போது நின்றோ போயிற்று. அவர்கள் செய்த தீர்வு, பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு ரிலே வைத்தது. கழற்றி மாற்றக்கூடிய, காற்றோட்டமுள்ள இடத்தில் நிற்கும் தனி ரிலேயே நல்லது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மேலே அச்சிட்ட ஆம்பியர்

ரிலேயின் முதுகில் 30 என்றோ 40 என்றோ இருக்கும். அது அறை வெப்பத்தில், ஹீட்டர் மாதிரி வெறும் தடையாக இருக்கும் சுமைக்குக் கொடுத்த எண். மோட்டாருக்கு அது அப்படியே பொருந்தாது. பம்ப் தொடங்கும்போது பெரிய கரண்ட் பாயும், நிற்கும்போது மோட்டாரின் காயில் பாயின்ட்டில் தீப்பொறி வீசும். பானட்டுக்குள் இருக்கும் சூட்டில் எண் இன்னும் கீழே இறங்கும். ஆகவே 8 ஆம்பியர் பம்புக்கு 10 ஆம்பியர் ரிலே போதும் என்று கணக்குப் போடாதீர்கள். 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே போடுங்கள். அதற்காக 70 ஆம்பியர் ரிலேயைத் தேடி அலையவும் வேண்டாம். அதன் கால்கள் வேறு அகலம், ஹோல்டர் வேறு. 8 ஆம்பியர் பம்புக்கு அதனால் எந்தக் கூடுதல் பலனும் இல்லை.

ஆம்பியரைவிட நான் பார்ப்பது வேறு சில விஷயங்கள். முதுகில் தயாரிப்பாளர் பெயர், பார்ட் நம்பர், வோல்டேஜ், கால்களின் வரைபடம் இந்த நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். வரைபடம் இல்லாத ரிலேயை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். காயிலில் செம்பைக் குறைத்த ரிலே காற்றாக இருக்கும், சூட்டில் முதலில் இழுக்காமல் போவதும் அதுதான். மீட்டரை வைத்து 85-க்கும் 86-க்கும் இடையே அளந்தால் 12 வோல்ட் ரிலேயில் 70 முதல் 100 ஓம் வரை வர வேண்டும். 300 ஓமுக்கு மேல் காட்டினால் அது லாரி, பஸ்ஸுக்கான 24 வோல்ட் ரிலே. இரண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் கடைப் பெட்டியில் கலந்து கிடக்கும். 24 வோல்ட் ரிலே காரில் சில நேரம் நல்ல பேட்டரியில் இழுத்தும் விடும். அதை நம்பி மாட்டி அனுப்பினால் செல்ஃப் அடிக்கும்போது கைவிடும்.

காயிலை நிறுத்தும்போது அது பல நூறு வோல்ட் வரை எதிர்வோல்டேஜ் கிளப்பும். இசியு இயக்கும் ரிலே என்றால் அதை அடக்க ரிலேக்குள்ளேயே ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இசியுவின் டிரான்சிஸ்டர் மெல்ல மெல்லச் செத்துப்போகும். அடக்குவதில் இரண்டு வகை உண்டு: காயிலுக்குக் குறுக்கே ரெசிஸ்டர் வைத்தது, டையோடு வைத்தது. வரைபடத்தில் காயிலுக்குப் பக்கத்தில் சிறு செவ்வகம் இருந்தால் ரெசிஸ்டர், அம்புக்குறி இருந்தால் டையோடு. பம்புக்கு நான் ரெசிஸ்டர் வகையையே வாங்குவேன். டையோடு வைத்த காயிலில் கரண்ட் உடனே அடங்காது. நாக்கு மெதுவாக விடும், பாயின்ட் மெதுவாகத் திறக்கும், தீப்பொறி நீளும். மோட்டார் சுமையில் அது பாயின்ட் ஒட்டிக்கொள்வதில் கொண்டுபோய் விடும். தவிர, டையோடு வகையில் 85, 86 மாற்றிக் கொடுத்தால் நேராக ஷார்ட். ஃபியூஸ் போகும், அல்லது இசியு போகும். ரெசிஸ்டர் வகைக்குத் திசை கிடையாது. ஆனால் வண்டித் தயாரிப்பாளரே டையோடு ரிலே கொடுத்திருந்தால் அதே வகையை, அதே திசையில் போடுங்கள். அங்கே உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை.

கால்களின் எண்

ஜெர்மானியத் தரமான டிஐஎன் 72552-இலிருந்து வந்த எண்கள் இவை. இன்று உலகம் முழுக்க ரிலே முதுகில் இருக்கின்றன. 30 பேட்டரி, 87 சுமை, 85-ம் 86-ம் காயில், 87ஏ ரிலே இழுக்காத நிலையில் 30-ஓடு சேர்ந்திருக்கும் கால். எண்ணை மனப்பாடம் செய்தவர்களும் ஏமாறும் இடங்கள் இரண்டு.

ஒன்று, ஐந்து கால் ரிலே. நடுக்கால் சிலவற்றில் 87ஏ, சிலவற்றில் இன்னொரு 87. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிறவி. இரண்டு 87 இருக்க வேண்டிய ஹோல்டரில் 87ஏ உள்ள ரிலேயை அழுத்திவிட்டால், நடுக்காலில் பம்ப் வயர் இருக்கும் வண்டியில், சாவி எடுத்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்வது சின்ன விஷயம். நின்ற வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்பது பெரிய விஷயம்.

இரண்டாவது, கால்கள் நிற்கும் இடம். ஏ வகை, பி வகை என்று இரண்டு அமைப்பு புழக்கத்தில் இருக்கிறது. பி வகையில் 30-ம் 86-ம் இடம் மாறியிருக்கும். ஏ வகை ஹோல்டரில் அது எந்தத் தடையுமின்றிப் பொருந்தும். விளைவு: காயிலுக்கு எப்போதும் பேட்டரி, பாயின்ட்டுக்கு இக்னிஷன் வயர். 85 நேராக எர்த்தில் இருந்தால் ரிலே ராத்திரி முழுக்க இழுத்தபடியே சூடேறிக் கிடக்கும். 85 இசியுவில் இருந்தால் வண்டி ஓடும். ஆனால் காயிலுக்கென்று போட்ட மெல்லிய வயரில் பம்பின் முழுக் கரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். வயர் உருகும்வரை யாருக்கும் தெரியாது. கழற்றிய ரிலேயையும் புது ரிலேயையும் தலைகீழாகப் பிடித்து, எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மட்டுமே மாட்டுங்கள்.

87ஏ-க்குப் பம்பில் ஒரு நியாயமான வேலையும் உண்டு. சிஎன்ஜி, எல்பிஜி கிட் போட்ட வண்டியில் கேஸில் ஓடும்போது பெட்ரோல் பம்பை நிறுத்த, பம்ப் வயரை 30, 87ஏ வழியாக எடுப்பார்கள். கேஸுக்கு மாறும்போது ரிலே இழுத்து, பம்ப் வயரைப் பிரிக்கும். ரிலே காயில் போனாலும் பெட்ரோலில் வண்டி ஓடும். அந்த அமைப்பின் நல்ல குணம் அது. கவனிக்க வேண்டியது, 40/30 என்று அச்சிட்ட ரிலேயில் சின்ன எண் 87ஏ-க்கு உரியது. கேஸில் ஓடும்போது பம்பை நிறுத்தாமல் விட்டால், டேங்கில் பெட்ரோல் அடியில் கிடக்கும் வண்டியில் பம்ப் சீக்கிரம் போகும். பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான்.

வயர், ஃபியூஸ், ஹோல்டர்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து 30. 87-இலிருந்து பம்பின் பாசிட்டிவ். பம்பின் நெகட்டிவ் தனி வயரில் பாடி எர்த்துக்கு. 86-க்கு சாவி போட்டால் வரும் கரண்ட், 85-க்கு இசியுவின் பம்ப் வயர். வரைபடம் இவ்வளவுதான். நல்ல வேலைக்கும் மோசமான வேலைக்கும் உள்ள வித்தியாசம் வரைபடத்தில் தெரியாது. வயரின் தடிமனிலும் லக்கை அழுத்திய விதத்திலும் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 1 சதுர மி.மீ. செம்பு வயரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 18.5 மில்லி ஓம். முன்னாலிருந்து டேங்க் வரை 5 மீட்டர், 8 ஆம்பியர் என்றால் போகும் வழியிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். வண்டிக்கு அடியில் சூட்டில் இன்னும் கொஞ்சம் கூடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் அதே இடத்தில் 0.3 வோல்ட்தான் இழப்பு. பம்புக்கு ஒரு வோல்ட் குறைந்தால் அது தள்ளும் பெட்ரோல் நன்றாகவே குறையும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வண்டி திணறும். பம்புக்கு 2.5-க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் விதி. காயில் பக்கத்துக்கு 0.75 தாராளம்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கிய மீதி வயரைக் காரில் ஓட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் இழைகள் குறைவு, ஒவ்வொன்றும் தடிமன். அதிர்வில் ஒவ்வொரு இழையாக உள்ளுக்குள் முறியும். மேலே பிவிசி முழுசாகவே இருக்கும். டேங்குக்குள் போகும் துண்டு இன்னும் கண்டிப்பானது. பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்றே தயாரித்த வயர்தான் அங்கே போக வேண்டும். சாதாரண பிவிசி பெட்ரோலில் விறைத்து வெடிக்கும்.

ஃபியூஸ், வயரைக் காப்பாற்ற இருக்கிறது. அதனால் அது பேட்டரிக்கு ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ரிலேக்குப் பக்கத்தில் அழகாக வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயரைக் காப்பில்லாமல் விட்டால், ஏதாவது தகட்டில் உரசி அறுந்த அன்று அந்த வயரே நெருப்பு. 8 ஆம்பியர் பம்புக்கு 15 ஆம்பியர், நீல நிற பிளேடு ஃபியூஸ். அடிக்கடி போகிறது என்று மஞ்சள் 20-க்கும் பச்சை 30-க்கும் ஏறாதீர்கள். டிசி கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி, பம்ப் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். அதன் அளவுக்கு மேல் இழுத்தால் பம்ப் இறுகுகிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் மாதம் ஒரு ரிலே மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை.

ஹோல்டரைப் பற்றித்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். கெட்டுப்போன பம்ப் ரிலேயைக் கழற்றினால் அதன் கால்களைப் பாருங்கள். 30 அல்லது 87, ஏதாவது ஒரு கால் மட்டும் நீலமோ பழுப்போ ஏறி நிறம் மாறியிருக்கும். அந்தக் காலுக்கு நேராக ஹோல்டரின் பிளாஸ்டிக் மஞ்சளாகி, லேசாக இளகியிருக்கும். உள்ளே இருக்கும் லக் பிடிப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். இணைப்பில் 0.2 வோல்ட் இழந்தாலே 8 ஆம்பியரில் 1.6 வாட் சூடு, ஒரு நகக்கண் அளவு இடத்தில். அந்தச் சூடு பித்தளையின் விறைப்பை இன்னும் தளர்த்தும், தளர்ந்தால் இன்னும் சூடு. புது ரிலேயை அந்தப் பழைய லக்கில் செருகினால் அதன் காலையும் அது எரிக்கும். கருகிய லக்கை இடுக்கியால் நெருக்கிவிட்டு அனுப்பக் கூடாது. வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது லக் போட வேண்டும். லக் வாங்கும்போது ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு, வாங்காதீர்கள்.

லக்கைச் சரியான கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள். கம்பியை ஒரு வாய், இன்ஸுலேஷனை ஒரு வாய் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். அழுத்திய பின் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஈயம் வைத்தால் இன்னும் உறுதி என்று நினைப்பவர்கள் உண்டு. ஈயம் இழைகளுக்குள் ஏறி, அது முடியும் இடத்தில் வயரை விறைப்பாக்கிவிடும். அதிர்வில் அங்கேயே முறியும்.

ரிலேயை எஞ்சின் மேலும் ரேடியேட்டர் பக்கத்திலும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு அருகிலும் வைக்காதீர்கள். முடிந்தால் வண்டியின் உள்ளே வையுங்கள். பானட்டுக்குள் என்றால் பக்கவாட்டுத் தகட்டில், கால்கள் கீழே பார்க்கும்படி. வயர் ரிலேக்குக் கீழே கொஞ்சம் தொய்ந்து, பிறகு மேலே ஏறி உள்ளே போனால் மழைத் தண்ணீர் தொய்வில் சொட்டிவிடும். எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று எர்த்தைத்தான் முதலில் தின்னும். இணைப்பில் சுற்றிய டேப்பைப் பிரித்தால் செம்பெல்லாம் பச்சைக் களிம்பாக இருக்கும்.

எஞ்சின் நின்றால் பம்ப் நிற்க வேண்டும்

கார்புரேட்டர் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் பம்ப் மாற்றிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் 86-ஐ சாவிக்கும் 85-ஐ எர்த்துக்கும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். வண்டி நன்றாகவே ஓடும். ஒரு விபத்து நடந்து, பெட்ரோல் பைப் அறுந்து, சாவி ஆனில் இருக்கும்வரை. எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைச் சூடான இரும்பின் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த வயரிங்கை நான் எந்த வண்டியிலும் ஏற்க மாட்டேன்.

எளிய வழி ஆயில் பிரஷர் சுவிட்ச். ஆயில் லைட்டுக்கு இருக்கும் சுவிட்ச் இதற்கு உதவாது. அது அழுத்தம் இல்லாதபோது சேரும் வகை. அழுத்தம் ஏறினால் சேரும் தனி சுவிட்ச் வேண்டும். சாவிக் கரண்ட் அந்த சுவிட்ச் வழியாக 86-க்கு. ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அழுத்தம் இருக்காது என்பதால், செல்ஃப் சாலினாய்டு வயரிலிருந்தும் 86-க்கு ஒரு வயர். இங்கேதான் பெரிய பொறி. இரண்டையும் நேராகச் சேர்த்துவிட்டால், எஞ்சின் பிடித்து ஆயில் அழுத்தம் ஏறியதும் கரண்ட் 86-இலிருந்து பின்னோக்கி செல்ஃப் சாலினாய்டுக்குப் போகும். ஓடும் எஞ்சினில் செல்ஃப் மறுபடி கடிக்கப் பார்க்கும். செல்ஃபிலிருந்து வரும் வயரில் ஒரு டையோடு கட்டாயம். 1என்4007 போதும், கோடு போட்ட முனை 86 பக்கம். டையோடு 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். செல்ஃப் அடிக்கும் நேரத்து 9.5 வோல்ட்டில் காயிலுக்குக் கிடைப்பது 8.8. மேலே சொன்ன சூட்டுக் கணக்கை நினைவில் வைத்து, இந்த வண்டியில் ரிலேயைக் குளிர்ந்த இடத்தில் வைப்பதில் இரட்டைக் கவனம் காட்டுங்கள்.

இதைவிட நான் விரும்புவது, இக்னிஷன் காயிலின் நெகட்டிவில் வரும் துடிப்பைப் பார்த்து வேலை செய்யும் பம்ப் ரிலே. கே-ஜெட்ரானிக் காலத்து ஐரோப்பிய கார்களில் வந்த ஏற்பாடு இது. துடிப்பு நின்றால் ஓரிரு விநாடியில் பம்பை நிறுத்திவிடும். ஆயில் சுவிட்சும் வேண்டாம், டையோடும் வேண்டாம்.

இதற்கு மேல் இனர்ஷியா சுவிட்ச். பல பழைய ஃபோர்டு கார்களில் மேலே பொத்தானோடு இருக்குமே, அதுதான். மோதல் அதிர்வில் உள்ளே இருக்கும் குண்டு நகர்ந்து தொடர்பை வெட்டும். இதைக் காயில் பக்கம் வைக்கலாமா, பம்ப் வயரில் வைக்கலாமா என்று கேட்பார்கள். பம்ப் வயரில் வையுங்கள். ரிலேயின் பாயின்ட் ஒட்டிப்போயிருந்தால் காயிலை வெட்டி எந்தப் பயனும் இல்லை.

சோதனை

ரிலே "டிக்" என்றதும் ரிலே நல்லது என்று முடிவு கட்டுவதுதான் பட்டறையில் மிகப் பரவலான தவறு. டிக் என்பது நாக்கு அசைந்த சத்தம். பாயின்ட் கருகியிருக்கிறதா என்பதை அது சொல்லாது. கழற்றி வைத்து மீட்டரில் தொடர்ச்சி பார்ப்பதும் சொல்லாது. மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது, கருகிய பாயின்ட் வழியாகவும் அது போய்விடும். சுமை ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

பேட்டரியைத் தொடும் முன் பெட்ரோல் வாசனை, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எம்பிஎஃப்ஐ லைனில் 3 பார் அளவுக்கு அழுத்தம் நிற்கும். எந்தப் பைப்பையும் கழற்றுவதானால் முதலில் அழுத்தத்தை இறக்குங்கள். டேங்க் பக்கத்தில் ஈயக்கோல் வேண்டவே வேண்டாம்.

ரிலேயைக் கழற்றிவிட்டு, ஹோல்டரில் 30-ஐயும் 87-ஐயும் ஃபியூஸ் வைத்த ஒரு வயரால் சேர்த்து டைரக்ட் கொடுங்கள். பம்ப் ஓடினால் பழுது ரிலேயில், அல்லது அதை இயக்கும் பக்கத்தில். ஓடாவிட்டால் 30-இல் பேட்டரி வருகிறதா என்று பார்த்து, பிறகு வயர், எர்த், பம்ப் என்று பின்னால் போங்கள். டேங்கில் தட்டினால் ஓடுகிறது என்றால் அது பம்பின் பிரஷ் பிரச்சினை; ரிலேயைத் தொட வேண்டியதில்லை.

ரிலேயை மாட்டி, பம்ப் ஓடும்போது மீட்டரை வோல்ட்டில் வைத்து மூன்று இடம் அளக்க வேண்டும். 30-க்கும் 87-க்கும் இடையே 0.1 வோல்ட்டுக்குள் வர வேண்டும், 0.2-ஐத் தாண்டினால் ரிலேயும் ஹோல்டரும் மாற்றுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் பம்ப் பாசிட்டிவுக்கும் இடையே, ரிலேயும் சேர்த்து, அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பம்ப் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2-க்கு மேல் காட்டினால் எர்த்தை மறுபடி எடுங்கள். இதே அளவுகளை வண்டியை நன்றாகச் சூடாக்கி, அரை மணி நேரம் பானட்டை மூடி வைத்த பிறகு இன்னொரு தடவை எடுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்து, 85-க்கும் 86-க்கும் இடையே எவ்வளவு வோல்ட் வருகிறது என்றும் பாருங்கள். 9.5-க்கு மேல் வந்தும் ரிலே இழுக்கவில்லை என்றால் ரிலே மோசம். 9-க்குக் கீழே வந்தால் பேட்டரியையும் இக்னிஷன் வயரையும் கவனியுங்கள்.

வழியில் மாட்டிக்கொண்டவருக்கு ஒரு வழி உண்டு. பல கார்களில் ஹாரனுக்கோ ஏசிக்கோ அதே பார்ட் நம்பர் ரிலே இருக்கும். முதுகில் உள்ள நம்பரும் வரைபடமும் ஒன்றாக இருந்தால் மாற்றி மாட்டி வீடு வந்து சேரலாம். அதுவும் முடியாமல் 30-க்கும் 87-க்கும் கம்பி போட்டு ஓட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கம்பி இருக்கும்வரை சாவியும் இசியுவும் பம்பை நிறுத்த முடியாது. அப்படி ஒரு வண்டி உங்கள் பட்டறைக்கு வந்தால், அது ஆயில் மாற்ற மட்டுமே வந்திருந்தாலும், கம்பியைக் கழற்றிப் புது ரிலே போடாமல் வெளியே அனுப்பாதீர்கள்.